நாச்சி கண்ணும் கருப்பு பிளேட்டும்

நீங்களே ஜன்னலோரம் உக்காருங்கண்ணாச்சி. எனக்கு இந்த ஓரம் போதும். வெயில் மூஞ்சியில அடிச்சா எனக்கு ஆகாது.   பயமெல்லாம் கிடையாது. நான் எதுக்குப் பயப்படணும்? நான் படிச்சவன். டிப்ளமோ.

செங்காட்டுப்பட்டி தெரியுமா உங்களுக்கு? இதே ரூட்டுதான். சங்கரன்கோவிலுக்கு முன்னாடி வரும். அந்த ஊர்ல உங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லையே? பொண்ணு கிண்ணு குடுத்திருக்கீங்களா? இல்லையா? அப்பச் சரி. அப்ப உங்ககிட்டப் பேசலாம். யார்கிட்டயாவது பேசியே ஆகணும்.

இன்னிக்கு மத்தியானம் உச்சிக்காலப் பூசை முடிஞ்சதும் அந்த ஊர் நாச்சியம்மன் கோயில்ல நான் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணணும். கொழுந்துவிட்டு எரியுற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, நான் சொல்றது உண்மைன்னு ஊர் முன்னாடி சொல்லணும். பெருசா பேச வேண்டாம். ஒரே ஒரு வார்த்தைதான் கேக்குறாங்க. அந்த வார்த்தை என்னன்னுதான் எனக்கு இன்னும் தெரியல.

என் பேரு தவசிலிங்கம். சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ல வேலை. பிரஸ் பேரு வேண்டாம், விடுங்க. கீழ மெஷின்ல பேப்பர் ஓட்டுறவன்னு நினைச்சிராதீங்க. நான் மேல ஏசி ரூம்ல பிளேட்டு எடுக்கிறவன். மாமியார் வீட்டுல என் பேரே ஏசி ரூம் மாப்பிள்ளைதான். ஊர்ல மத்த மருமகனெல்லாம் வேர்த்து ஒழுக வருவானுக, நான் மட்டும் போட்ட சட்டை கசங்காம வருவேன்.

பிளேட்டுன்னா என்னன்னு கேட்டா, அலுமினியத் தகடு. ஒரு படம் அச்சடிக்கணும்னா நாலு கலருக்கு நாலு தகடு. அந்தத் தகட்டை ஒரு உருளை மேல சுத்தி உக்கார வைக்கணும். டிரம்முன்னு சொல்லுவோம். டிரம்மோட ஓரத்துல ரெண்டு பின்னு நிக்கும். தகட்டோட விளிம்பு ரெண்டு பின்னையும் ஒரே மாதிரித் தொடணும். தொட்டா பச்சை லைட்டு எரியும். மூடியைச் சாத்துனா டிரம்மு காத்தை உறிஞ்சி, தகட்டைத் தன்மேல இறுக்கிக்கிட்டு, விர்ருன்னு சுத்த ஆரம்பிக்கும். லேசர் இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் புள்ளி புள்ளியா படத்தைச் சுட்டுக்கிட்டே போகும். நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் எனக்கு வேலை கிடையாது, டீ குடிப்பேன். ஆனா வைக்கிற அந்த ஒரு நொடி இருக்குல்ல, அது முழுக்க என் கைதான். நாலு தகடும் ஒரே எடத்துல உக்காரணும். ஒண்ணு விலகுனா, உதடு ஒரு பக்கமும் உதட்டுச் சிவப்பு ஒரு பக்கமும் போயிரும்.

நான் எப்படி வைப்பேன்னு கேளுங்க. எட்டு வருஷமா வைக்கிறேன். கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. அன்னிக்கும் எரிஞ்சுச்சு. அதுல மாத்தமே இல்ல.

செங்காட்டுப்பட்டியில மேலத்தெரு, கீழத்தெருன்னு ரெண்டு தெரு. ரெண்டும் பங்காளிங்கதான், ஆனா ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. நடுவுல நாச்சியம்மன் வடக்க பாத்து உக்காந்திருக்கா. நேராப் பாக்குற கண்ணு. மேற்கயும் இல்ல, கிழக்கயும் இல்ல. இத்தனை காலம் ரெண்டு தெருவும் வெட்டிக்கிடாம இருக்குறதே அந்தக் கண்ணாலதான்னு அவங்களே சொல்லுவாங்க. கருவறைல போட்டோ எடுக்க விடமாட்டாங்க. எந்த வீட்டுலயும் அம்மன் படம் கிடையாது. போன வருஷம்தான் அதிசயமா ரெண்டு தெருவும் கூடிப் பேசி, ஒரு ஓவியரைக் கூட்டிட்டு வந்து வரைய வச்சு, காலண்டராப் போட்டு வீட்டுக்கு வீடு குடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. பண்ணுனவங்க எங்க பிரஸ்ஸுக்கா வரணும்? சிவகாசியில வேற பிரஸ்ஸா இல்ல?

ஓவியத்துல கண்ணு நேராத்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர்லயும் நேராத்தான் இருந்துச்சு. சிலைக்குக் கடைசியாத்தான் கண்ணைத் திறப்பாங்க, தெரியும்ல? எங்க மெஷின்லயும் அப்படித்தான். அது ரெண்டு கலர் மெஷின், கருப்பைக் கடைசியா ஓட்டுவாங்க. மஞ்சள், சிவப்பு, நீலம் விழுற வரைக்கும் அது வெறும் மொகம். கண்மணி இருக்காது. கருப்பு விழும்போதுதான் அம்மா முழிப்பா. கருப்பு பிளேட்டை எடுத்தது நான். அப்ப கண்ணைத் திறந்தவன் நான்தானேன்னு கேக்குறாங்க.

பொங்கலுக்குக் காலண்டர் குடுத்திருக்காங்க. மேலத்தெருல ஒரு டீச்சரம்மா, அவங்கதான் முதல்ல பாத்தது. கோயில்ல இருக்குற மாதிரியே வடக்க பாத்து சுவத்துல மாட்டி விளக்கேத்திட்டு நிமிர்ந்து பாத்தா, அம்மா அவங்களைப் பாக்கல. கிழக்க பாக்குறா. கீழத்தெருவைப் பாக்குறா. பக்கத்து வீட்டுல போய்ப் பாத்தா அங்கயும் அப்படித்தான். சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கப் பரவிருச்சு. அடுத்த வாரம் ஒரு வீட்டுல பசு மாடு செத்துச்சு. இன்னொரு வீட்டுல தட்டு மாத்துன கல்யாணம் நின்னுபோச்சு. எந்தத் தெருல மாடு சாகல, சொல்லுங்க? ஆனா இப்ப எல்லாத்துக்கும் அந்தக் கண்ணுதான். கீழத்தெருக்காரன் சும்மா இருந்தானா? அம்மா எங்களத்தான் பாக்குறான்னு காலண்டருக்கு ஃபிரேம் போட்டு மாட்டிட்டான். மாசித் திருவிழால வாய்ச் சண்டை முத்தி, பொங்கப் பானையைத் தூக்கி எறிஞ்சு, ஒருத்தனுக்கு மண்டையில பதினோரு தையல்.

கண்ணு விலகுனது அரை மில்லிமீட்டர்ண்ணாச்சி. வெறும் அரை மில்லி. உங்க நகத்துக்கு அடியில இருக்குற அழுக்கு அளவு. அதுக்குப் பதினோரு தையல்.

அப்புறம் பரமகுரு பிரஸ்ஸுக்கு வந்தார். அவர் மேலத்தெரு கோயில் கமிட்டிக்காரர். காலண்டரைச் சுருட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு வந்தார். கத்தல, அதட்டல. கத்தியிருந்தா எனக்குப் பயம் வந்திருக்காது. மெதுவா முதலாளிகிட்டக் கேட்டார், “கீழத்தெருக்காரன் பேச்சைக் கேட்டு அம்மா கண்ணைத் திருப்புனது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க போயிருதோம்.” முதலாளி எங்களைக் கை காட்டுனார். பிளேட்டு எடுத்த என்னையும், மெஷின் ஓட்டுன இருளப்பண்ணனையும்.

இருளப்பண்ணனைப் பத்திச் சொல்லணும். ஐம்பது வயசிருக்கும், ஒல்லியா, எந்நேரமும் கழுத்துல ஒரு காவித் துண்டு. பொண்டாட்டி இல்ல, ஒரே ஒரு பொண்ணு, பத்தாவது படிக்குது. எனக்கு அவரைப் பிடிக்காது. ஒளிச்சுப் பேசுறதுல என்ன இருக்கு, பிடிக்காது. என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘தொரை’ன்னுதான் கூப்பிடுவார். ‘ஏசி ரூம் தொரை எந்திரிச்சாச்சா’, ‘தொரைக்கு வேர்க்குதா, விசிறவா’ன்னு மெஷின் பயலுகளுக்கு முன்னாடி கேப்பார், எல்லாரும் சிரிப்பானுக. என் வீட்டுக்காரி செண்பகவல்லிக்கு வளைகாப்பு வச்சப்ப, கூப்பிடாமலே வந்து, அஞ்சு வகைச் சாதத்தையும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, ‘தொரைக்கு வாரிசு வரப்போகுது, இனிமே ரெண்டு ஏசி போடணும்’னு சொல்லிட்டுப் போனார். அப்படிப்பட்ட ஆளு.

ஆமா, வீட்டுல எட்டு மாசம். அதான் எனக்கு... அதான் இப்படி.

பரமகுரு ரெண்டு பேரையும் சத்தியத்துக்குக் கூப்பிட்டார். இருளப்பண்ணன் சொல்றார், “அவன் வீட்டுல மாசமா இருக்கா. புருஷன்காரன் தேங்காயே உடைக்கக் கூடாது, அவனைப் போய்ச் சூடத்துல கை வைக்கச் சொல்றீங்களே. நான் வர்றேன், என் ஒருத்தன் சத்தியம் போதும்”னு. எனக்கு எப்படி இருக்கும்? என் வீட்டு விஷயத்தை நடு பிரஸ்ல பேச இவர் யாரு? இவரை யாரு கேட்டா? ஆனா பரமகுரு சரின்னுட்டார். போன வெள்ளிக்கிழமை இவர் போய்ச் சூடத்தை அணைச்சுட்டு வந்துட்டார்.

என்ன சத்தியம் பண்ணுனார் தெரியுமா? ‘தவசி எனக்கு பிளேட்டைச் சரியாத்தான் குடுத்தான். கண்ணு நேராத்தான் இருந்துச்சு. நான்தான் மெஷின்ல கவனிக்காம ஓட்டிட்டேன். யாரு சொல்லியும் செய்யல.’ அவ்வளவுதான். திங்கக்கிழமை வேலைக்கு வந்தப்ப உள்ளங்கையில கொப்புளம். நான் படிக்கட்டுலருந்து பாத்தேன். இறங்கிப் போய்க் கேக்கல. தப்பு அவர் மேல, ஒத்துக்கிட்டார், நான் எதுக்குக் கேக்கணும்? தப்பு பண்ணாதவன் எவனாவது தானா போய் ஒத்துக்குவானா?

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க?

அன்னிக்கு ராத்திரியே அவருக்குக் காய்ச்சல் வந்திருச்சு. செவ்வாய்க்கிழமை லீவு, புதன்கிழமை லீவு. கொசுக்கடிதான்னு சொல்லியனுப்புனார். பிரஸ்ல எவனும் நம்பல. பொய்ச் சத்தியம் பண்ணுனா நாச்சி மூணாம் நாள் வருவாளாம், அந்த ஊர்ல சொல்றாங்க. பொய்யான்னு கேட்டா... இருங்க, இருங்க. அதுக்குத்தான் வர்றேன்.

மேலத்தெருவுக்கு அந்தச் சத்தியம் பத்தல. ‘கண்ணைத் திறந்தவன் அந்த பிளேட்டுக்காரன், விலாங்கு மீன் மாதிரி நழுவுறான், அவன் வரணும்’னுட்டாங்க. பரமகுரு மறுபடி வந்தார். என்கிட்ட நேரா சொன்னார், “தம்பி, பெருசா ஒண்ணும் வேண்டாம். பிளேட்டுல கண்ணு நேரா இருந்துச்சா, கோணலா இருந்துச்சா? ஒரு வார்த்தை சொல்லி அணைச்சிட்டுப் போ.” நான் வரலைன்னா என்னன்னு கேட்டேன். “நீ வரலைன்னா இருளப்பனைத்தான் மறுபடி கேக்கணும். இந்தத் தடவை சூடம் பத்தாது. மகளைக் கூட்டிட்டு வந்து, அது தலைல அடிச்சுச் சொல்லணும்”னார். மெதுவாத்தான் சொன்னார்.

டிக்கெட்டா? ஆமா, சங்கரன்கோவிலுக்குத்தான் எடுத்திருக்கேன். நல்லா கவனிக்கிறீங்க நீங்க. கண்டக்டர் எங்கன்னு கேட்டப்ப செங்காட்டுப்பட்டின்னு வாய்ல வரல, பெரிய ஊர் பேர்தான் வந்துச்சு. அதுக்கென்ன, நடுவுல இறங்கக் கூடாதுன்னு சட்டமா?

சொல்லிர்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. இறங்குனா மறந்திருவீங்க.

ரெண்டு தகட்டுக்கு நடுவுல கீறல் விழாம இருக்க ஒரு மெல்லிசுத் தாள் வச்சு வரும். எடுக்கும்போது அந்தத் தாளை உருவிப் போட்டுரணும். அன்னிக்குக் கருப்பு பிளேட்டுக்கு நான் உருவும்போது கிழிஞ்சிருக்கு. ஒரு துண்டு, வெத்தலைக் காம்பு அளவு, மடங்கி டிரம்முல ஒட்டியிருக்கு. நான் பாக்கல. அப்ப பாக்கல, சத்தியமா பாக்கல... இங்க பாருங்க, வாய் தன்னால சத்தியம்னு வருது. அது மேலயே தகட்டை வச்சுட்டேன். விளிம்பு பின்னைத் தொட்டுச்சு, பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. பச்சை லைட்டு விளிம்பைத்தான் பாக்கும், நடுவை யாரு பாக்குறது? நடுவுல தகடு லேசா உப்பியிருக்கு. சுத்தும்போது அந்த எடத்துல மட்டும் படம் நகர்ந்து விழுந்திருச்சு. நாலு மூலையும் சரி, நடு மட்டும் தப்பு. நடுவுல என்ன இருந்துச்சு? அம்மா மொகம்தான் இருந்துச்சு.

தகட்டை எடுத்தப்பதான் அந்தத் தாள் துண்டு டிரம்முல ஒட்டியிருக்குறதைப் பாத்தேன். எடுத்துக் குப்பைல போட்டேன். லென்ஸ் வச்சு மொகத்தைப் பாக்கணும். எட்டு வருஷமா எந்தத் தகட்டையும் பாக்காம அனுப்புனது கிடையாது. அன்னிக்குப் பாக்கல. பாத்தா தெரிஞ்சிரும்ல, அதனால பாக்கல. கீழ அனுப்பிட்டேன்.

எங்க பிரஸ்ல ஒரு போர்டு உண்டு. பிளேட்டை வீணாக்குனா அதுல பேரு எழுதுவாங்க, வாசல்லயே, எல்லாரும் பாக்குற மாதிரி. ஒரு மாசத்துல மூணு தடவை எழுதுனா ஏசி ரூம் கிடையாது, கீழ பேப்பர் வெட்டுற கட்டிங்ல போட்டுருவாங்க. அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தடவை என் பேரு இருந்துச்சு. மாமியார் வீட்டுல நான் என்ன சொல்லுவேன், சொல்லுங்க?

அரை மணி நேரத்துல இருளப்பண்ணன் மேல வந்தார். கையில ஈரம் காயாத ஒரு தாளு. எப்பவும் வாசல்லருந்தே கத்துற ஆளு, அன்னிக்கு உள்ள வந்து கதவைச் சாத்திட்டுத்தான் பேசுனார்.

“தொரை, அம்மா கண்ணு கிழக்க போகுதுப்பா. மூலையைச் சேத்தா கண்ணு போகுது, கண்ணைச் சேத்தா மூலை போகுது. இது மெஷின்ல வராது. கருப்பை மட்டும் மறுபடி எடுத்துக் குடுத்திரு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிளேட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க மெஷின் பேப்பரை இழுக்குது. மெஷினைப் பாருங்க”ன்னேன்.  அவர் குப்பைக் கூடையைப் பாத்தார். அந்தத் துண்டு மேலயே கிடந்துச்சு. எடுத்து, விரல்ல வச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டு, திரும்ப அதுலயே போட்டுட்டார். “போர்டுல ரெண்டு தடவை எழுதியிருக்குல்ல”ன்னார். நான் அடுத்த தகட்டை எடுத்து டிரம்முல வச்சேன். “சரிப்பா”ன்னு இறங்கிப் போயிட்டார். மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அவரும் அரை மில்லிதானே, எவன் பாக்கப் போறான்னு நினைச்சிருப்பார். நானும் அதைத்தான் நினைச்சேன்.

இப்ப சொல்லுங்க. நான் போய் ‘நேரா இருந்துச்சு’ன்னு சொல்லி அணைச்சா, அது பொய். வீட்டுல எட்டு மாசம். செண்பகவல்லிக்கு நேத்துலருந்து கால் வீக்கம். ஆஸ்பத்திரில பிரஷர்ங்கிறாங்க. நான் சாமியை நம்புறவன் இல்லண்ணாச்சி, ஆனா என் பிள்ளை மேல நான் சோதனை பண்ணிப் பாக்க முடியுமா? ‘கோணலா இருந்துச்சு’ன்னு சொன்னா அது உண்மை. ஆனா அவர் போன வெள்ளிக்கிழமை அதே எடத்துல ‘நேரா இருந்துச்சு’ன்னு அணைச்சிருக்கார். அப்ப அவர் பண்ணுனது பொய்ச் சத்தியம்னு ஊருக்குத் தெரிஞ்சிரும். பதினோரு தையல் போட்ட ஊரு, அவரைச் சும்மா விடுவாங்களா? சேந்து செஞ்சானுகன்னுதான் சொல்லுவாங்க. அவர் பாட்டுக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, ‘நான் மேல போய்ச் சொன்னேன், தவசி கேக்கல’ன்னு சொல்லியிருந்தா, எனக்கு இந்தத் தொல்லையே இல்ல. போர்டுல பேரு எழுதியிருப்பாங்க, கட்டிங்ல போட்டிருப்பாங்க, அதோட முடிஞ்சிருக்கும். நடுவுல புகுந்து என்னை மாட்டிவிட்டுட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் தன்னைக் காப்பாத்திக்கத்தான் அப்படிச் சொன்னார்னு நினைச்சு வச்சிருக்கேன். கோணல்னு தெரிஞ்சும் ஏன் ஓட்டுனேன்னு கேப்பாங்கள்ல, அந்தப் பயம். அப்படித்தான் இருக்கணும். வேற எதுக்கு ஒரு மனுஷன் எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணப் போறான்? நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தது கிடையாது.

பத்து நாளா எனக்குத் தூக்கம் இல்ல. ஏசி ரூம்ல அந்தக் காலண்டர் ஒண்ணை எவனோ மாட்டி வச்சிருக்கான். சரியா என் டிரம்மு இருக்குற பக்கம் பாக்குறா. எதிர்ச் சுவத்துல மாத்தி மாட்டுனேன். இப்ப கதவைப் பாக்குறா, நான் உள்ள நுழையும்போதே. கழட்டிச் சுருட்டி வைக்கலாம்னா கை போகல.  நேத்து ஒரு கம்பெனி லேபிளுக்கு நாலு தடவை வச்சு எடுத்தேன், நாலு தடவையும் டிரம்மைத் தடவிப் பாத்தேன், தாள் இருக்கா, தாள் இருக்கான்னு.

அது என்ன ஊரு? ரோட்டோரம் நிக்கிற கரண்டு காத்தாடி தாண்டியாச்சா? அப்ப அடுத்தது அதுதான்.

இறங்கணும். இறங்குவேன். பஸ் நிக்கட்டும். கூட்டம் இறங்கட்டும், அப்புறம் எந்திரிக்கிறேன். எனக்கு என்ன அவசரம், பூசை பன்னெண்டு மணிக்குத்தானே.

நிக்குதா? நின்னுருச்சா? ஒரு நிமிஷம்ணாச்சி, என் செருப்பு கழண்டு சீட்டுக்கு அடியில போயிருச்சு, குனிஞ்சு எடுத்துக்கிறேன். நீங்க வெளிய பாத்துச் சொல்லுங்க. யாரும் நிக்கிறாங்களா? மேலத்தெருக்காரங்க யாராவது? வெள்ளை வேட்டி? இல்லையா?

ஒல்லியா ஒருத்தரா? கழுத்துல துண்டு... காதைச் சுத்திக் கட்டியிருக்காரா? என்ன கலரு? காவியா?

அவருக்குக் காய்ச்சல். அவர் வீட்டுல படுத்திருக்கார். அவரா இருக்காது. நல்லாப் பாருங்க.

பக்கத்துல யாரு? பொண்ணா? யூனிபாரமா? என்ன கலர்ல போட்டிருக்கு? ஐயோ.

பஸ்ஸுக்குள்ளயா பாக்குறார்? ஒவ்வொரு ஜன்னலாவா? நீங்க அவரைப் பாக்காதீங்க, நேரா பாருங்க. என்னைப் பாக்க முடியாதுல்ல? நீங்கதான மறைச்சிருக்கீங்க?

விசில் அடிச்சிட்டான். கிளம்பிட்டான். நான் இறங்கியிருப்பேண்ணாச்சி, செருப்பு கிடைக்கல. இது என்ன, கையிலயா இருக்கு.

சொல்லுங்க, என்ன ஆச்சு? பாத்துட்டாரா? என் முதுகைப் பாத்துட்டாரா? எப்படித் தெரியும் உங்களுக்கு?

கையை ஆட்டுனாரா? எப்படி? வான்னா, போன்னா? வாயால வேண்டாம், ஆட்டிக் காட்டுங்க.

இன்னொரு தடவை.

அது போன்னுல்ல ஆட்டுறது. சிரிச்சாரா? மொகத்துல கோபம் இருந்துச்சா? இல்லையா? அந்தப் புள்ளை தோள்ல கை போட்டுக்கிட்டு... சரி. சரி, போதும்.

புள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கார்ண்ணாச்சி. இன்னிக்கு அதுக்கு ஸ்கூல் உண்டு. காலைலயே கூட்டிட்டுக் கிளம்பியிருக்கார். நான் இறங்க மாட்டேன்னு அவருக்குக் காலைலயே தெரிஞ்சிருக்கு. இறங்குனா நல்லது, இல்லைன்னா புள்ளை தலைல அடிக்கலாம்னு, ரெண்டுக்கும் தயாரா வந்து வெயில்ல நின்னிருக்கார். நான் சீட்டுக்கு அடியில கிடக்குறதைப் பாத்துட்டு, நீ போப்பா, நான் பாத்துக்கிறேங்கிறார். எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? குப்பைக் கூடைல இருந்து அந்தத் தாளை எடுத்துப் பாத்துட்டுத் திரும்பப் போட்டாரே, அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சதைத் தெரியாதுன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்ட வேற சொல்லிக்கிட்டு வர்றேன்.

இப்பத்தான்ணாச்சி பயமா இருக்கு. அந்தப் புள்ளை பேரு கூட எனக்குத் தெரியாது.

ஊரைத் தாண்டுனதும் வர்ற பாலம் இன்னும் வரல. இங்கருந்து ஓடுனாப் போயிரலாம். வண்டி நிக்கணும். நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன், நீங்க பாத்தீங்கள்ல, வாய் திறக்குது, சத்தம் வர மாட்டேங்குது. நீங்க கூப்பிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கண்டக்டரைச் சத்தமாக் கூப்பிடுங்கண்ணாச்சி.